பீர் மைதீன் வைத்த பதினோரு எட்டு

கிட்ட வாங்க கண்ணுகளா. கடல்காற்று பேச்சைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விடும். மடியில் பிள்ளை தூங்குகிறவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், கதை கொஞ்சம் நீளம். மகள் வீட்டுக்கு ஒரு மைல் நடக்க முடியாமல் போன ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவருக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் எண்ணெய், தைலம் என்று வைத்தியம் சொல்லக் கூடாது.

அவர் பெயர் பீர் மைதீன். திருமலைராயன்பட்டினத்தில் வீடு. காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசிக் காலத்தில் தெற்கு எல்லைச் சுங்கச் சாவடியில் காவலர். சாவடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு கொடிக்கம்பம். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பிரான்சு, அந்தப் பக்கம் இந்தியா. அங்கே நின்று பார்த்தால் நாகூர் தர்காவின் மனாராக் கோபுரங்கள் தெரியும். அந்த நாகூரில்தான் அவருடைய ஒரே மகள் ஜன்னத்துல் பிர்தௌஸைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பது வருஷம் அந்த மூங்கிலை ஏற்றி இறக்கியவர் அவர். சீட்டு இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போ. சொந்த மச்சானையே சீட்டு இல்லையென்று ஒருநாள் திருப்பி அனுப்பியிருக்கிறார். மச்சான் ஆறு மாதம் பேசவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் அது நடந்தது. பட்டினத்துக்கு விருந்தாட வந்த நாகூர்க்காரர் ஒருவர் வந்த இடத்தில் மௌத்தாகிவிட்டார். சொந்த ஊர் மையவாடியில் அடக்க வேண்டுமென்று சந்தூக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சந்தூக் என்றால் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, சுமந்து போகிற பெட்டி. சீட்டெல்லாம் சரியாக இருந்தது. ‘எடுத்துச் செல்லும் பொருள்’ என்ற இடத்தில் ‘மனிதர், ஒன்று’ என்றும், ‘திரும்பக் கொண்டுவரப்படுமா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும் எழுதி முத்திரை குத்தியிருந்தது.

மூங்கில் உயர்ந்தது. எதிரே மையித்து வந்தால் தோள் கொடுக்காமல் ஒதுங்கி நிற்பது அவர்கள் வழக்கத்தில் ஆகாத காரியம். பீர் மைதீன் சர்க்கார் தொப்பியைக் கழற்றிக் கூட்டாளிக் காவலர் மருதையனிடம் கொடுத்துவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போய்த் தோள் கொடுத்தார். மூன்று எட்டு வைத்துவிட்டு விலகிவிடலாம் என்றுதான். ஆனால் சந்தூக்குக்கு ஒரு முறை இருக்கிறது. அடுத்த ஆள் வந்து தோள் மாற்றிக்கொண்ட பிறகுதான் முதல் ஆள் விலகலாம். மாற்ற வேண்டியவரோ கொட்டகையில் மருதையனிடம் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீளமான பெயர், அதைவிட நீளமான கையெழுத்து. அவர் முடித்து ஓடிவருவதற்குள் பதினோரு எட்டு ஆகிவிட்டது. அதில் கடைசி எட்டுகள் இந்தியாவில் விழுந்துவிட்டன.

பீர் மைதீன் திரும்பி வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு மூங்கிலை இறக்கினார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை சாவடித் தலைவர் அவரைக் கூப்பிட்டார். தலைவருக்கும் நம் ஊர்தான், ஆனால் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்று கூப்பிட்டால்தான் காது கேட்கும்.

“காவலை விட்டு விலகினாயா?”

“மையித்துக்குத் தோள் கொடுத்தேன் முசே.”

“ஆயுதத்தோடு அந்நிய தேசத்துக்குள் நுழைந்தாயா?”

“இடுப்புல விசில்தான் முசே இருந்துச்சு.”

“தொப்பியை மாற்றி மாறுவேஷம் போட்டாயா?”

பீர் மைதீன் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைவர் ‘மௌனமாக ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிக்கொண்டார்.

“எல்லை வந்ததும் மையித்தைக் கீழே வைத்திருக்கலாமே?”

“நடுவழியில மையித்தைக் கீழ வைப்பாங்களா முசே?”

“ஆக, மையித்தைக் கீழே வைக்க மனமில்லை, சர்க்காரைக் கீழே வைக்க மனம் வந்தது,” என்றார் தலைவர். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், அன்று முழுவதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஒரு தாள் வந்தது. விசாரணை முடியும்வரை பீர் மைதீன் எல்லைக்கு அப்பால் காலடி வைக்கக் கூடாது, வைத்தால் எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. பீர் மைதீன் அதை மகளுடைய நிக்காஹ் தாளோடு சேர்த்துப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். பெண்சாதி ஆரிபா கேட்டாள்: “இது என்ன, நல்ல சேதியா?”

“சர்க்கார் தாள். நல்லது கெட்டது நாம சொல்லக் கூடாது.”

சர்க்காருக்கும் காவலருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தரைப் போட்டார்கள். ஓய்வு பெற்ற பெரியவர், நல்லவர், எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். நடந்ததை நடந்த இடத்திலேயே மறுபடி நடத்திக் காட்ட வேண்டும் என்றார். சர்க்கார் வேலைக்காகச் சந்தூக்கை ஒருநாள் இரவல் தரும்படி ஜமாத்துக்குக் கடிதம் போனது. ஜமாத்திலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: ‘ஆள் இல்லாமல் சந்தூக்கை வெளியே எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆபீசில் யாராவது ஆயத்தமாக இருந்தால் தெரிவிக்கவும்.’

ஆகவே பள்ளிக்கூடத்து பெஞ்சைக் கொண்டுவந்தார்கள். கனம் வேண்டுமே என்று ஒரு குமாஸ்தாவை அதன்மேல் படுக்க வைத்தார்கள். சர்க்கார் வக்கீல் எழுந்தார். இறந்தவர் ஒல்லி, குமாஸ்தா பருமன், பாரம் கூடினால் எட்டு சின்னதாகும், அதனால் கணக்கு எதிரிக்குச் சாதகமாகும் என்றார். மத்தியஸ்தர் யோசித்து, குமாஸ்தாவின் செருப்பையும் சாவிக்கொத்தையும் எடுத்துவிடச் சொன்னார். மூச்சையும் குறைத்துவிடச் சொன்னார். நாலு பேர் தூக்கினார்கள். மருதையன் எண்ணினார். பீர் மைதீன் ஒருவர்தான் பழக்க தோஷத்தில், மையித்தைத் தூக்கும்போது சொல்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டே நடந்தார். குமாஸ்தாவுக்கு அதைக் கேட்டுப் பயம் பிடித்து ஒரு வாரம் காய்ச்சல்.

பதினோரு எட்டில் ஏழு நம் மண், நாலு அந்நிய மண். ஏழு எட்டுக்குக் குற்றமில்லை. நாலு எட்டுக்கு ஒரு கண்டிப்பு. ஆள் வேலைக்குத் திரும்பலாம். இதுதான் மத்தியஸ்தர் தீர்ப்பு. பீர் மைதீன் சட்டையை வெளுக்கப் போட்டார்.

சட்டை வெளுத்து வருவதற்குள் சர்க்கார் கோர்ட்டுக்குப் போய்விட்டது. மத்தியஸ்தர் தன் அதிகாரத்தை மீறிவிட்டார், தீர்ப்பைக் கோர்ட்டு பரிசீலிக்க வேண்டும், அதுவரை பழைய உத்தரவெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். கோர்ட்டும் “இருக்கட்டும்” என்றது.

இதற்கு நடுவில்தான், கண்ணுகளா, ஐம்பத்து நாலு நவம்பரில் கொடி மாறியது. பிரான்சு போய்விட்டது. ஒருநாள் காலையில் நாலு பேர் வந்து மூங்கிலைப் பிடுங்கிப் போட்டார்கள். மருதையன் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்கு உத்தரம் போட்டுக்கொண்டார். மூங்கில் நின்ற குழி மட்டும் சாலையோரம் இருந்தது. நாகூருக்கு வண்டி போயிற்று, மீன்கூடை போயிற்று, ஆடு மாடு போயிற்று. ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

கோர்ட்டில் வழக்கு மட்டும் கலையவில்லை. முன்பு ‘எங்கள் காவலர் எங்களை விட்டு வெளியே போனார்’ என்று பிரெஞ்சு சர்க்கார் வழக்காடியது. இப்போது அந்த இடத்தில் இந்திய சர்க்கார் நின்றது. யார் தேசத்துக்குள் போனதாகக் குற்றமோ அவர்களே வாதி. புது வக்கீல் சொன்னார்: “பழைய சர்க்காரின் கட்டடங்களை ஏற்றுக்கொண்டோம், நாற்காலிகளை ஏற்றுக்கொண்டோம். அதன் கோபங்களை மட்டும் எப்படிக் கைவிட முடியும்?”

இதெல்லாம் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, மறு வருஷம் பிர்தௌஸுக்கு ஏழாம் மாதம் ஆகும்வரை.

தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். சம்பந்தி நெய்னா முகம்மது முறை பார்க்கிறவர். பெண்ணைப் பெற்ற தகப்பன் வாசலில் வந்து நின்று, “பிள்ளையை அழைக்க வந்திருக்கேன்” என்று வாயால் சொல்லிக் கேட்டால்தான் அனுப்புவார்கள். ஆரிபா பலகாரக் கூடையோடு போனாள். பலகாரத்தை வாங்கிக்கொண்டார்கள், பெண்ணை அனுப்பவில்லை. “பிள்ளையோட வாப்பா வரட்டும்.”

ஆரிபா வந்து வெறுங்கூடையைப் போட்ட வேகத்தில் அது உருண்டு முற்றத்துக்குப் போய்விட்டது.

“கொக்கு போவுது, கோழி போவுது, தபால்காரன் ரெண்டு வேளை போறான். ஒங்க காலுக்கு மட்டும் என்ன, இன்னும் பிரான்சா?”

“உத்தரவு இருக்குல்ல ஆரிபா.”

“உத்தரவு போட்டவன் கப்பலேறிப் போயிட்டான்!”

“தாள் போகலையே. பெட்டியிலதானே இருக்கு.”

பத்தொன்பது வருஷம் மற்றவர்களைச் சீட்டுக் கேட்டவர். சீட்டில்லாமல் நடக்க அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். கோழைத்தனம் என்று ஊரில் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் கோர்ட்டு ஆபீசுக்குப் போய், நாகூர் போய்வர அனுமதி வேண்டுமென்று மனுக் கொடுத்தார். அங்கிருந்த தலைமைக் குமாஸ்தா மனுவை இரண்டு தரம் படித்தார்.

“எந்த எல்லையைத் தாண்டணும்?”

“பழைய எல்லைங்க.”

“அது இப்போ இல்லையே.”

“அப்ப போகலாங்களா?”

“எல்லை இல்லேன்னேன். தடை இல்லேன்னு நான் சொன்னேனா?”

“அப்ப அனுமதி குடுங்க.”

“இல்லாத எல்லையைத் தாண்ட அனுமதி குடுத்தா, எல்லை இருக்குன்னு கோர்ட்டே ஒப்புக்கிட்டதா ஆயிடும். ரெண்டு தேசத்துக்கும் மனஸ்தாபம் வரும் பாய். உங்க பொண்ணு பிரசவத்துக்காக அதெல்லாம் செய்ய முடியுமா? நீங்களே சொல்லுங்க.” மனுவை அவர் ரொம்பப் பரிவோடு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் பீர் மைதீனுக்கே ஒரு யோசனை தோன்றியது. தான் இந்தப் பக்கம் நிற்பது, சம்பந்தி அந்தப் பக்கம் வந்து நிற்பது, அங்கேயே அழைத்துவிடுவது. நெய்னா முகம்மது முதலில் முகம் சுளித்தாலும், வெள்ளைச் சட்டையும் துருக்கித் தொப்பியுமாக வந்துவிட்டார். குழிக்கு இந்தப் பக்கம் இரண்டு முழத்தில் பீர் மைதீன். அந்தப் பக்கம் இரண்டு முழத்தில் சம்பந்தி. நடுவில் மருதையன், குழி எது என்று காட்டுவதற்காக.

“அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. வாங்க, இப்படி வாங்க, நிழல்ல நின்னு பேசுவோம்.”

“வ அலைக்கும் ஸலாம். நீங்க வாங்க. அழைக்க வர்றவர் நீங்கதானே.”

“நான் இங்கேருந்தே அழைக்கிறேன். பிள்ளையை அனுப்பி வைங்க.”

“சந்தையில ஆடு கேக்கிற மாதிரி ரோட்டுல நின்னு கேட்டா, என் வீட்டு மருமகளை நான் அனுப்பணுமா?”

“உத்தரவு இருக்கு சம்பந்தி. கோவிச்சுக்காதீங்க.”

நெய்னா முகம்மது கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. அந்தக் குழியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“யாரோ ஒருத்தர் மையித்துக்குப் பதினோரு எட்டு வச்சீங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு எட்டு வைக்க மாட்டீங்களா பீர் மைதீன்?”

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு பசுமாடு குறுக்கே வந்து, குழியை மோந்து பார்த்துவிட்டு, நாகூர் பக்கம் போயிற்று. மருதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நாகூரிலேயே பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. ஆரிபா நாற்பது நாள் இருந்துவிட்டு வந்து சொன்னாள், நெற்றி அப்படியே அவருடைய நெற்றியாம். பீர் மைதீன் கண்ணாடியை எடுத்துத் தன் நெற்றியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரிபா அன்றைக்கு ஒன்றும் ஏசவில்லை.

பிள்ளை தவழ்ந்ததும், நடந்ததும், “அப்பா எங்கே” என்று கேட்கப் பழகியதும் எல்லாம் அவருக்குச் சேதியாகத்தான் வந்தது. நாகூரில் தகப்பனை வாப்பா என்பார்கள், தாத்தாவைத்தான் அப்பா என்று கூப்பிடுவார்கள். முறை தவறிய வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதில்லை என்று சம்பந்தி உறுதியாக இருந்தார். பிர்தௌஸும், நான் கேள்விப்பட்டவரை, மாமனாரைக் குறை சொல்லவில்லை. “வாப்பாவுக்குச் சர்க்காருதான் மூத்த பிள்ளை” என்று ஒரு தரம் சொன்னாளாம். ஆரிபா அந்தச் சொல்லை மட்டும் புருஷனிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

வழக்கு வாய்தாவிலிருந்து வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு வக்கீல் அம்பலவாணன். கெட்டிக்காரர், சட்டப் புத்தகத்தைப் பிரித்துவிட்டால் பசி தெரியாது.

ஐம்பத்து எட்டில் ஆரிபா ஒரு சேதியோடு வந்தாள். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் கடை அமைந்துவிட்டது. குடும்பத்தோடு போகிறார்கள், மாமனார் மாமியார் உட்பட. வருகிற வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல். பிர்தௌஸ் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: “அழைக்க வேணாம். சும்மா வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

பீர் மைதீன் வக்கீல் வீட்டுக்கு ஓடினார்.

“வியாழனா?” அம்பலவாணன் விரலை மடக்கினார். “தீர்ப்பு அதுக்கு அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. பொறுங்க பாய். இது சாதாரண வழக்கா? மத்தியஸ்தர் தீர்ப்பைக் கோர்ட்டு எவ்வளவு தூரம் தொடலாம்னு இந்தச் சீமைக்கே முன்மாதிரியா நிக்கப்போவுது. இப்போ நீங்க ஒரு எட்டு வச்சா, அஞ்சு வருஷ வழக்கு செத்துப்போயிடும்.”

“பிள்ளை போயிடுமே ஐயா.”

“பிள்ளை எங்க போவுது? பினாங்குக்குத்தானே. கடுதாசி போட்டுக்கலாம். செத்த வழக்குக்குக் கடுதாசி போட முடியுமா?”

வியாழக்கிழமை பீர் மைதீன் குழிக்கு நேராகக் கிழக்கே நடந்து கடற்கரைக்குப் போனார். அங்கே நின்றால் தெற்கே நாகப்பட்டினத்துக் கடலில் நிற்கிற கப்பலின் புகை தெரியும். மருதையனும் கூடப் போனார்.

“இன்னும் நேரம் இருக்கு பாய். போயிட்டு வந்துடுங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

“எனக்குத் தெரியுமே மருதையா.”

புகை மெல்ல நகர்ந்தது. மணலில் கோடு ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் எந்த இடத்தில் நிற்க வேண்டுமென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புகை மறையும்வரை அந்த இடத்திலேயே நின்றார்.

ஒன்பதாம் நாள் தீர்ப்பு. நீதிபதி நிதானமாகப் படித்தார்.

“மையித்து இருந்ததா என்பதைப் பார்ப்பது எங்கள் வேலையல்ல. காவலர் நடந்தாரா என்பதையும் நாங்கள் பார்க்கக் கூடாது. மத்தியஸ்தர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா என்பது மட்டுமே எங்கள் முன் உள்ளது. அவரிடம் கேட்கப்பட்டது தூரம். தூரத்துக்கு மீட்டர் என்றொரு அளவு இருக்கிறது. அவர் எட்டு எண்ணியிருக்கிறார். எட்டு ஆளுக்கு ஆள் மாறும். எனவே தீர்ப்பு செல்லாது. புதிய மத்தியஸ்தர், எல்லை மூங்கிலை அடையாளமாகக் கொண்டு, மறுபடி அளக்க வேண்டும்.”

“மூங்கில் என் மாட்டுக் கொட்டகையில இருக்குங்க,” என்றார் பின்னாலிருந்து மருதையன். அவரைப் பேசாமல் உட்காரச் சொன்னார்கள்.

நீதிபதி கடைசித் தாளைப் புரட்டினார். “எதிரி எல்லை தாண்டக் கூடாது என்ற உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விதிப்படி அத்தகைய உத்தரவு முப்பது நாளுக்கே செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். யாரும் புதுப்பிக்கவில்லை. கோர்ட்டு ‘இருக்கட்டும்’ என்று சொன்னது, அன்று உயிரோடு இருந்த உத்தரவுகளையே குறிக்கும். ஆகவே ஐம்பத்து மூன்று ஆடி முதல் அப்படி ஒரு தடை இருந்ததாகவே கொள்ள முடியாது.”

அம்பலவாணன் துள்ளி எழுந்து பீர் மைதீன் கையைக் குலுக்கினார். “பாய், ஜெயிச்சோம்!”

பீர் மைதீன் எழுந்து நின்றார். அதுவரை ஒரு நாளும் அவர் கோர்ட்டில் தானாகப் பேசியதில்லை.

“ஐயா, அப்ப நான் அன்னைக்கே போயிருக்கலாங்களா?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கடுமையான மனுஷர் இல்லை அவர். தாளை ஒரு தரம் முன்னும் பின்னும் தேடிப் பார்த்தார்.

“அந்தக் கேள்வி எங்கள் முன் வைக்கப்படவில்லை,” என்றார்.

பீர் மைதீன் வீட்டுக்குப் போகவில்லை. காரைக்காலிலிருந்து நேரே தெற்கே நடந்தார். பட்டினம் வந்தது, போயிற்று. குழி இருந்த இடத்தை எப்போது கடந்தாரென்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு அவர் கீழே பார்க்கவில்லை.

நாகூரில் அந்தத் தெருவுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கதவில் பூட்டு. எதிர்வீட்டு வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த காசியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரைத் தேடுறீங்க? அவங்க கப்பலேறி ஒம்பது நாளாச்சே.”

“தெரியும்மா.”

“பின்ன?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். பூட்டுக்கு முன்னால், முறை பார்க்கிற வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றார்.

“சம்பந்தி, பிள்ளையை அழைக்க வந்திருக்கேன்,” என்றார்.

பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். காசியம்மா கையிலிருந்த மீனை அப்படியே சட்டியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய், ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருங்கள், வீட்டில் உலை கொதித்துவிடும். உங்கள் வீட்டுப் பெண்மக்கள் போன இடமெல்லாம் நிறைந்து இருக்கட்டும். அவர்களை அழைக்கப் போகிறவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் நேரத்தோடு போய்ச் சேரட்டும். நீங்கள் கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து “யாரு, வாங்க” என்று ஒரு குரல் கேட்கட்டும்.